மறைக்க வார்த்தை போதாத மொழி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, ஸ்பெயினில் இருக்கும் என் மகள் வீடியோவில் வருவாள். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். மேசையைச் சுற்றி மருமகனும் அவருடைய அம்மாவும் இருப்பார்கள். இங்கே சேலையூரில் நானும் என் வீட்டுக்காரரும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்போம். கல்யாணமான இந்த மூன்று வருடமும் இதே ஏற்பாடுதான். மருமகன் எங்களோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுவார். சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் தெரியாது. அவர் பேசுவதை என் மகள் தமிழில் சொல்லுவாள். அந்தத் தமிழின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, சம்பந்தியம்மா இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கையை விரித்தார், நெஞ்சில் வைத்தார், என் மகளின் தோளைத் தடவினார், ஒரு தடவை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் நான் மகளைப் பார்த்தேன்.

"உங்கள ரொம்ப விசாரிச்சாங்கம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். ஒரு பிள்ளை எதையோ முழுங்குகிறது என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். என் பிள்ளையும் முழுங்கினாள். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லும்போதெல்லாம் அவள் கண் எங்கேயோ போனது. அவள் நன்றாக இருக்கிறாளா இல்லையா, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடிய மனுஷி அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். அவரோடு பேச எனக்கு ஒரு வார்த்தையும் கிடையாது.

"நான் ஸ்பானிஷ் கத்துக்கப் போறேன்" என்று அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சம்பந்தி வீட்டை உளவு பார்க்கவா?"

"ஆமா."

"ரிட்டயர் ஆனவங்க எல்லாம் வாக்கிங் போறாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் முடிவு செய்துவிட்டால் பேசிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்கு அத்துப்படி.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சனிக்கிழமை காலை வகுப்பு நடந்தது. பத்துப் பேர் படித்தோம். என்னைத் தவிர எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயது. ஸ்பானிஷ் தெரிந்தால் கம்பெனிகளில் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று வந்தவர்கள். டீச்சரும் சின்னப் பெண்தான். நகரத்துக் குடிசைகளை இடித்தவர்களை அரசாங்கம் கொண்டுபோய்க் குடியேற்றிய பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. வார நாட்களில் ஒரு கம்பெனியில் ஸ்பானிஷ்காரர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லுவாள், சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். "முதல்ல பெரும்பாக்கம்னு அட்ரஸ் போட்டா ஒருத்தனும் இன்டர்வியூக்கே கூப்பிட மாட்டான் ஆன்ட்டி. அதே அட்ரஸுக்குக் கீழ ஸ்பானிஷ் தெரியும்னு போட்டேன். கூப்ட்டுக்கினே கீறான்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் பெரும்பாக்கம் பிள்ளைகள் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது.

மாணவியாக நான் மகா மோசம். அடுத்தவர் தப்பை முப்பது வருடம் சிவப்பு மையில் வட்டம் போட்டவளுக்குத் தன் வாயில் தப்பு வருவது தாங்கவில்லை. வாக்கியம் முழுசாக மனசுக்குள் சரியாக வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். அதற்குள் டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பாள்.

"இன்னா ஆன்ட்டி, இத்தினி வருசம் டீச்சரா இருந்தியே, தப்பு பண்ணாம கத்துக்கின புள்ளைய எங்கனா பாத்துக்கிறியா? தப்பா பேசு. ஆனா பேசு."

அவள் சொன்னது சரி என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. ஆனாலும் பேசினேன்.

புது மொழி படித்தால் ஞாபகசக்தி கூடும் என்கிறார்கள். சாவியை வைத்த இடம் எனக்கு இன்னும் மறக்கத்தான் செய்கிறது. எனக்குக் கிடைத்தது வேறு. இங்கிலீஷ் எனக்கு எப்போதும் இஸ்திரி போட்ட புடவை மாதிரி, கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்க வேண்டும். ஸ்பானிஷ் அப்படி இல்லை. தமிழில் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று எப்படிச் சொல்கிறோமோ அப்படியேதான் அங்கேயும் 'எனக்கு' வலிக்கிறது. மே துவேலே லா கபேஸா. பிடிப்பதும் 'எனக்கு'ப் பிடிக்கிறதுதான். சம்பந்தி என்பதற்கு இங்கிலீஷில் நான் தேடியவரை ஒரு வார்த்தை அகப்படவில்லை. ஸ்பானிஷில் இருக்கிறது, கோன்சுவேக்ரா. அதைக் கேட்ட அன்றைக்கு வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன். மகளைக் கொடுத்தவளுக்கும் மகனைக் கொடுத்தவளுக்கும் நடுவில் ஒரு உறவு இருக்கிறது என்று அந்த ஜனங்களும் நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பிப்ரவரியில் சம்பந்தியம்மாவுக்கு நானே நேராக வீடியோ போன் போட்டேன். புதன்கிழமை மதியம் மூன்றரை மணி, அங்கே காலை பதினொன்று. மரியாதையாக 'நீங்கள்' என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி மறித்து "தூ, தூ" என்றார். 'நீ' என்று கூப்பிடு என்கிறார். நம் ஊரில் யாராவது என்னைப் பார்த்துத் தூ என்று சொல்லியிருந்தால் அடிதடியாகியிருக்கும்.

அவர் முப்பது வருடம் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். புருஷன் இல்லை. துறைமுக ஊர், அவர் வீடு என் மகள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சத்தமாகப் பேசுவார், பட்டென்று பேசுவார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது மொத்தமே இருநூறு வார்த்தைதான். ஆனால் பொருட்கள் இருந்தன. நான் போனைத் தூக்கிக்கொண்டு போய் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பழசு என்று தலையை ஆட்டினார். கேம்ப் ரோட்டு மீன்காரம்மாவிடம் அடுத்த வாரம் அதைச் சொல்லிச் சண்டையே போட்டேன்.

"அத்தையும் நீயும் அப்படி என்னத்தம்மா பேசறீங்க?" என்று மகள் கேட்டாள். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"மீனைப் பத்தி" என்றேன். அது பொய்யில்லை.

பொய் என்றதும் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன செப்டம்பரில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் நாள் குறித்ததும் நானும் வீட்டுக்காரரும் முதலில் உட்கார்ந்து பேசியது மகளிடம் என்ன சொல்லுவது என்றுதான். உண்மையைச் சொல்லலாம் என்பது எங்கள் இருவர் வாயிலும் வரவே இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எந்த வீட்டிலும் வராது. எங்கள் தெருவிலேயே ஒருத்தர் பைபாஸ் பண்ணிக்கொண்டு வந்து, ஆறு வாரம் கழித்து அமெரிக்காவில் இருக்கும் பையனிடம் 'லேசா மூச்சுப்பிடிப்பு' என்று சொன்னார். தூரத்தில் இருக்கிற பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்போம். அதை அன்பு என்றுதான் நானும் நம்பினேன்.

பொய்யை நான்தான் தயார் செய்தேன். நன்றாகவே செய்தேன். வேளாங்கண்ணிக்குப் போகிறோம், பத்து நாள் தங்கி ஜெபம், அதுவரை போனைத் தொடுவதில்லை என்று நேர்ச்சை. அவள் நம்ப வேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சேர்த்தேன். "உனக்கு ஒரு குழந்தை வேணும்னுதான் போறேன்" என்றேன். "சரிம்மா, நல்லா வேண்டிக்கோ" என்றாள். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் நடுவில் ஒருநாள், பழைய யாத்திரையில் எடுத்த படம் ஒன்றை அவளுக்கு அனுப்பினார். அதில் நான் போட்டிருந்தது உடைந்துபோய் எப்போதோ தூக்கிப்போட்ட மூக்குக்கண்ணாடி. என் புடவை பார்டரைக்கூடக் கவனிக்கிற பெண் அதைக் கவனிக்கவில்லை. பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை மட்டும் வந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, சம்பந்தியம்மா தன் வீட்டு மாதா சுரூபத்தைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பாதி புரிந்தது. மாதா கோயில், செப்டம்பர், பத்து நாள். எப்படி இருந்தது என்கிறார்.

தமிழில் கேட்டிருந்தால் நான் அசந்திருக்கமாட்டேன். கூட்டம் தாங்கல, வெயில் வேற, ஆனா மனசுக்கு நிம்மதி என்று மணலும் கடலும் மெழுகுவத்தியுமாக ஒரு யாத்திரையையே அவர் முன்னால் நடத்திக் காட்டியிருப்பேன். ஸ்பானிஷில் ஒரு பொய்யைக் கட்டி நிறுத்த எனக்கு வார்த்தை போதவில்லை. நடந்துமுடிந்த எதையும் சொல்ல அப்போது எனக்குச் சரியாக வராது. அதற்கு முந்தின வாரம் வகுப்பில் டாக்டரிடம் பேசுவது எப்படி என்ற பாடம் நடந்திருந்தது. வாயில் இருந்தது அதுதான்.

"கோயில் இல்லை" என்றேன். "நான் ஆஸ்பத்திரி. ஆபரேஷன்." அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். "என் மகளுக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. எட்டு மாதம் பூட்டி வைத்ததை, என் வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்திராத ஒரு மனுஷியிடம் எட்டே வார்த்தையில் கொட்டிவிட்டேன்.

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். அவர் கத்தவில்லை. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றாக வைத்தார்.

"செப்டம்பர். உன் மகளும். ஆஸ்பத்திரி."

அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். பிறகு ஒரு விரல். "வாரம்" என்றார். பிறகு, "பெபே" என்றார். தலையை ஆட்டினார். "யா நோ ஐ."

இப்போது இல்லை. வகுப்பில் இரண்டாம் வாரம் படித்தது. கடையில் போய்ப் பால் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, தீர்ந்துவிட்டது.

பதினொரு வாரம். அப்படியானால் நான் வேளாங்கண்ணி என்று சொன்னபோதே அவள் உண்டாகியிருந்தாள். அந்தச் சிரிப்பு அதுதான். வேண்டுதலுக்கு முன்னாலேயே பலன் கிடைத்துவிட்டது, அம்மா திரும்பி வரட்டும், சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஏன் என்ற ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மா இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். "அம்மா ஜெபம் பண்ணுகிறாள்" என்றார். "தொந்தரவு செய்யக் கூடாது. உன் மகள் அப்படிச் சொன்னாள்."

போனை வைத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் பொய்தான் என் பெண்ணின் வாயை அடைத்திருக்கிறது. அவளுக்கு அம்மா தேவைப்பட்ட ஒரே வாரத்தில், நான் அவளுக்காக முட்டி போட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நமக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. அவளா சொல்லும்போது சொல்லட்டும். பாவம், இப்பதான் கொஞ்சம் ஆறியிருப்பா" என்றார்.

எட்டு மாதமாக நாங்கள் செய்தது அதைத்தானே. ஆனாலும் அந்த இரண்டு நாள் நான் அவர் சொன்னபடியே இருந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சரை நிறுத்தினேன். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். மற்றதைச் சொல்லவில்லை. "என் பொண்ணுகிட்ட ஒரு பெரிய பொய் சொல்லிட்டேன். அதை ஒத்துக்கணும். ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்றதுன்னு எழுதிக்குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்றேன். ஸ்பானிஷில்தானே எனக்கு உண்மை வந்தது, அதிலேயே மறுபடியும் வரட்டும் என்று நினைத்தேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு ஆன்ட்டி ஸ்பானிஷ்ல? உம் பொண்ணுக்குத் தமிழ் தெரியாதா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படிக்கட்டில் பாதி இறங்கியதும் நின்றேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் இவர் தடுப்பார், நானும் நின்றுவிடுவேன். அங்கேயே படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். மணி பன்னிரண்டு, அங்கே காலை எட்டரை.

முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னம்மா? அப்பாவுக்கு எதுனா ஆச்சா?"

ஞாயிறு சாயங்காலம் தவிர வேறு நேரத்தில் போன் வந்தால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான். தூங்கிட்டிருந்தியா?"

பாருங்கள், தமிழ் எவ்வளவு சரளமாக வருகிறது. இன்னும் அரை நிமிடம் விட்டால் அங்கே குளிரா என்று கேட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, போனை வைத்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே தமிழில் சொன்னேன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நான் வேளாங்கண்ணிக்குப் போகல. ஆஸ்பத்திரியில இருந்தேன். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. உன்கிட்ட பொய் சொன்னேன்."

"உன் விஷயமும் எனக்குத் தெரியும்" என்றேன். "உன் அத்தை மேல கோபப்படாதே. நான் என் விஷயத்தைச் சொன்னதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப, அங்க எனக்காக யாரும் வேண்டிக்கலையா?" என்றாள். சின்ன வயதுக் குரல்.

"இல்லடி."

"நீ அங்க முட்டி போட்டுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேம்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்த அந்த நாலு நாளும். போனைக் கையில வெச்சுக்கிட்டே இருந்தேன். உன் நேர்ச்சையைக் கெடுக்கக் கூடாதுன்னு கூப்பிடல." மூக்கை உறிஞ்சினாள். "கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பியா?"

அம்மா எடுக்காம இருப்பேனா என்பதுதான் நாக்கின் நுனியில் வந்து நின்றது. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லுவாள்.

"இல்ல. ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

அவள் அழுதாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. யாரோ ஒருத்தர் கையில் காகிதங்களோடு மேலே ஏறி வந்தார், நான் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன். அழாதே என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை.

"இப்ப இருக்கேன், சொல்லு" என்றேன்.

முதல் நாள் காலையில் குளியலறையில் ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள்.